பார்வைப் பிணையும் அசுணமும்: சங்கப் பாடல்களில் வேட்டை ஈர்ப்பும் கூற்றின் அறமும்

ஆய்வுச் சுருக்கம்

பழக்கிய உயிரைக் காட்டியும் இனிய ஒலியை எழுப்பியும் காட்டுயிர்களைத் தாமாகவே அருகில் வரச்செய்து பிடிக்கும் வேட்டைமுறை சங்கப் பாடல்களில் பதிவாகியுள்ளது. முன்னதைக் குறிக்கும் கலைச்சொல் 'பார்வை'. பின்னது அசுணம் பற்றிய பாடல்களில் காணப்படுகிறது. புறநானூறு 320, பெரும்பாணாற்றுப்படையின் எயினர் பகுதி, நற்றிணை 212, 304, 312, அகநானூறு 88 ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, இந்த ஈர்ப்பு வேட்டையின் அறம் பாடலுக்குப் பாடல் மாறுவதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. யார் கூற்றாகப் பாடல் அமைகிறது என்பதே அதனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பார்வை விலங்கு, அசுணம், எயினர், வல்லாண்முல்லை, கூற்று, வேட்டை.

முன்னுரை

சங்ககால வேட்டை பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் வில், வலை, குழி, நாய் எனக் கருவிகளைத் தொகுத்துரைப்பதோடு நின்றுவிடுகின்றன. இவை அனைத்தும் விலங்கைத் துரத்துவன அல்லது மறிப்பன. விலங்கின் விருப்பத்தையே கருவியாக்கும் முறை இவற்றினின்று வேறுபட்டது. பெண்மானைக் கட்டிவைத்தால் ஆண்மான் தானே வரும். இசை கேட்டால் அசுணம் தானே வரும். வேட்டுவன் செய்ய வேண்டியது மறைந்திருத்தலும் காத்திருத்தலும்தான். வன்மையைவிட வஞ்சனை மிகுந்த இம்முறையைப் புலவர் எவ்வாறு கையாண்டனர் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

இவ்வினா எழாமைக்கு ஒரு காரணம் சொல்லின் மறைவு. 'பார்வை' என்றால் இன்றைய மாணவருக்குக் கண்ணின் தொழில் மட்டுமே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லின் வேட்டைப் பொருளையும் பதிவுசெய்துள்ளது. ஆயினும் வகுப்பறையில் புறநானூறு 320இன் மான் 'வீட்டில் வளர்த்த மான்' என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. இதனைச் சிறு பிழை எனக் கடந்துவிட இயலாது. அம்மானின் தொழிலை நீக்கிவிட்டால் அப்பாடலில் மனையோள் செய்த செயலின் எடையும் நீங்கிவிடும்.

தேய்ந்த விளாமரம்

பார்வை விலங்கைக் காணத் தொண்டை நாட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் காட்டுகிறது. இன்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்பூங்காப் பெயர்களால் அறியப்படும் நிலப்பகுதி அந்நாட்டைச் சேர்ந்தது. பாடலின் எயினர் குடியிருப்பை இவ்வூர்களில் ஒன்றோடு பொருத்திக் காட்ட யாதொரு சான்றும் இல்லை. ஆனால் ஓர் ஒப்புமையைக் குறிப்பிடலாம். 1998இல் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கிய ஊரின் பெயரில் 'இரும்', 'காடு' என்னும் இரு சொற்களும் இன்றும் நிற்கின்றன. காடுதான் இல்லை. 'பார்வை' என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டது. உள்ளே மான்தோல் படுக்கையில் ஈன்றவள் குழந்தையோடு முடங்கிக் கிடக்கிறாள். ஏனைய எயிற்றியர் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் குத்திப் புரட்டிப் புல்லரிசி கொணர்கின்றனர். அதனை முற்றத்து விளாமர நிழலில் உள்ள நிலவுரலில் இட்டுக் குற்றுகின்றனர். பார்வை விலங்கு கட்டப்பட்டிருப்பது அந்த விளாமரத்தில்தான் (95ஆம் அடி). நச்சினார்க்கினியர் உரையும் இச்சொல்லை வேட்டைக்குப் பழக்கிய விலங்கு என்னும் பொருளிலேயே கொள்கிறது.

இங்கு மானைப் பற்றிப் புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் கண்ணோ நடையோ வருணிக்கப்படவில்லை. மரத்தின் அடி தேய்ந்திருந்தது என்று மட்டும் கூறுகிறார். கட்டிய விலங்கு உராய்ந்து உராய்ந்து தேய்ந்த அடிமரம் அது. ஒருநாள் இருநாளில் மரம் தேயாது. பல பருவங்களாகத் தொடரும் தொழிலையும், அத்தொழில் பயன் தந்துகொண்டிருப்பதையும் அந்த ஒரு தேய்மானம் காட்டிவிடுகிறது. உள்ளே கிடக்கும் மான்தோலும், பாணர் சுற்றத்துக்குத் தேக்கிலையில் குவித்துத் தரப்படும் வாடூன் கலந்த சோறும் அதன் மறுபக்கச் சான்றுகள். அடுத்துவரும் அடிகளில் நள்ளிரவில் நீர்நிலையருகே குழியில் பதுங்கிப் பன்றியின் வரவைப் பார்த்திருக்கும் வேட்டையும் கூறப்படுகிறது. காத்திருத்தலே எயினர் வேட்டையின் இயல்பு என்பது இதனால் உறுதிப்படும்.

இப்பகுதியின் எயினரை இன்றைய காஞ்சிபுரம், செங்கற்பட்டு வட்டாரங்களின் இருளரோடு நேரடியாகத் தொடர்புபடுத்தும் ஆசை ஆய்வாளருக்கு எழுவது இயல்பு. எலி வளையைத் தோண்டி அது சேர்த்த நெல்லை எடுக்கும் இருளர் வழக்கம் எயிற்றியர் செயலை நினைவூட்டவே செய்யும். எனினும் தொழில் ஒப்புமை இனத் தொடர்ச்சிக்குச் சான்றாகாது.

புறநானூறு 320: வெற்றி பெற்ற பொறி, கைவிடப்பட்ட வேட்டை

வீரை வெளியனார் பாடிய இப்பாடல் வாகைத் திணை, வல்லாண்முல்லைத் துறை. முன்னையும் முசுண்டையும் படர்ந்து பந்தல் வேண்டாத நிழலில் யானை வேட்டுவன் ஆழ்ந்து உறங்குகிறான். முற்றத்தில் பார்வைப் பிணை நிற்கிறது. தனித்த கலை ஒன்று வந்து அதனைத் தழுவி விளையாடுகிறது. மனையோள் அதனைக் காண்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ என்றும், கலை பிணையைவிட்டு அகன்றுவிடுமோ என்றும் அஞ்சுகிறாள். வீட்டில் நடமாடாமல் ஒடுங்கி நிற்கிறாள். மான்தோலில் காயும் தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன. சந்தன நெருப்பில் சுட்ட ஊனைச் சுற்றத்தோடு உண்டு இங்கே தங்கிச் செல் எனப் பாணனிடம் கூறி, பரிசிலர்க்குக் குறையாது வழங்கும் தலைவனது ஊர் இது என முடிகிறது பாடல்.

முதலில் மானினம் எது என்பதைத் தெளியவேண்டும். தொல்காப்பிய மரபியல் புல்வாய், நவ்வி, உழை, கவரி ஆகியவற்றின் பெண்ணைப் பிணை என்கிறது. மரையின் பெண்ணுக்கு 'ஆ' என்னும் பெயரைத் தருகிறது. கலை என்னும் ஆண்பாற் பெயர் புல்வாய்க்கும் உழைக்கும் உரியது. முசுவுக்கும் அப்பெயர் உண்டெனினும் அது மானன்று. ஒரே பாடலில் கலையும் பிணையும் இணைந்து வருவதால் இம்மான் புல்வாயாகவோ உழையாகவோதான் இருத்தல் கூடும். ஐரோப்பிய வேட்டை நூல்களைக் கொண்டு ஒப்பிடுவோர் இவ்விடத்தில் கவனமாக இருத்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டு வேட்டையைப் பற்றி எழுதிய சாமுவேல் பேக்கர் 'எல்க்' என்று குறிப்பது உண்மையில் கடமானை. ஈழத்தமிழில் அதன் பெயர் மரை. அது இப்பாடலின் மான் அன்று.

உண்மையான எல்க், வட அமெரிக்காவின் வாபிட்டி, வேறொரு வகையில் இப்பாடலுக்குத் துணைசெய்கிறது. அதனை வேட்டையாடுவோர் செப்டம்பரை ஒட்டிய இணைசேர் பருவத்தில் ஆணின் அறைகூவலையும் பெண்ணின் குரலையும் ஊதுகுழலால் எழுப்புவர். பெண்மான் வடிவப் பொம்மையைத் திறந்த வெளியில் நிறுத்துவர். அப்பருவத்தில் ஆண் மேய்ச்சலைக் குறைத்து, வழக்கமான எச்சரிக்கையையும் இழக்கும் என்பதே இதன் அடிப்படை. புறநானூற்றுப் புலவர் கலைக்குத் தரும் அடைகளைக் காண்க. அது தனித்தது, பிற தொழில் ஒழிந்தது. வெறும் அழகுக்கான அடைகள் அல்ல இவை. பார்வைப் பிணையிடம் எத்தகைய ஆண் அகப்படும் என்பதை அறிந்த கண் இட்டவை. முகலாயர் கால முறை இதற்கு மாறானது. அபுல் பசலின் ஐன்-இ-அக்பரி விவரிப்பது பழக்கிய ஆண்மானைக் கொம்பில் கண்ணியிட்டு விடுத்துக் காட்டு ஆணோடு பொரச்செய்து பிடிக்கும் வேட்டையை. அங்குப் பொறி பகை. இங்குப் பொறி காமம்.

எனவே முற்றத்தில் நிகழ்வது தற்செயலான இயற்கைக் காட்சி அன்று. பொறி வேலை செய்துவிட்டது. பிணை எதற்காக வளர்க்கப்பட்டதோ அது நிறைவேறிவிட்டது. இனி வேட்டுவன் எழுந்தால் போதும். அத்தருணத்தில்தான் மனையோள் அவனை எழுப்பாமல் நிற்கிறாள். அவள் அஞ்சுவது இரண்டுக்கு: கணவன் எழுதல், கலை பிரிதல். வேட்டை நோக்கில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. கலை அகன்றுவிடக் கூடாது என்பது வேட்டுவர் குடும்பத்து அச்சமாகவே இருக்கலாம். ஆனால் கணவன் எழுந்துவிடக் கூடாது என்பதோடு அது சேரும்போது, கலையை நிறுத்திவைப்பதன் நோக்கமே மாறிவிடுகிறது. வளர்ப்பு மான் என்னும் விளக்கம் இந்த மாற்றத்தைக் காணவிடாது செய்கிறது. அவ்விளக்கப்படி அவள் இரக்கமுள்ள பெண் மட்டுமே. பாடலின்படியோ, குடும்பத்தின் உணவை அறிந்தே விட்டுக்கொடுக்கும் பெண்.

அவ்விட்டுக்கொடுத்தலுக்கு விலையும் உண்டு. அசைந்தால் மான் கலையும். அசையாவிட்டால் தினை போகும். பறவைகளை ஓட்ட அவளால் இயலவில்லை. மேலும் அத்தினை காய்வது மான்தோலின்மீது. முன்பொருநாள் இதே முற்றத்தில் அகப்பட்ட கலையின் தோலாகக்கூட அது இருக்கலாம். புலவர் அதனை மறைக்கவில்லை. புணரும் மான்களுக்கு அருகிலேயே விரித்துவைக்கிறார். இப்பாடலை மென்மையின் சித்திரமாக மட்டும் படிப்போர் இத்தோலைக் கண்டும் காணாதவராகின்றனர்.

இன்னும் ஒரு சிக்கல் உள்ளது. பறவைகள் தினை உண்டதைக் கூறும் எச்சம் காரணப் பொருளும் தரவல்லது. அதனை அடுத்துவரும் ஊன் சுடுதலோடு இயைத்தால், தினைக்கு வந்த கோழியும் இதலுமே பிடிபட்டுப் பாணனுக்கு விருந்தாயின என்றாகும். கலையைக் காத்த முற்றம் பறவைகளுக்குத் தானே பொறியாகிவிடுகிறது. இவ்வியைபைத் தவிர்த்து, ஊன் வேறு வேட்டையில் கிடைத்தது எனக் கொள்வதும் கூடும். பாடலின் 266ஆம் எண்ணுக்குப் பின் புறநானூற்றுக்குப் பழைய உரை கிடைக்காமையால் முடிவாகத் தெளிய வழியில்லை. ஆனால் முதல் வாசிப்பே இப்பாடலின் போக்குக்கு ஏற்றது எனலாம். மனையோளின் அருள் ஊனுணவை மறுக்கும் அறமன்று. புணர்நிலையில் உள்ள இணையைப் பிரிக்கலாகாது என்னும் அளவில் அது நிற்கிறது. புணரும் மான் வடிவிலிருந்த முனிவரை எய்து சாபம் பெற்ற பாண்டுவின் கதை மகாபாரதத்தில் இதே எல்லையைத் தண்டனையாகக் கூறுகிறது. வீரை வெளியனாரிடம் சாபமும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒரு பெண் நடமாடாமல் நிற்கிறாள், அவ்வளவே.

பார்வை வேட்டுவனும் பறவைகளும்

நற்றிணையில் இரு பாடல்கள் பறவை வேட்டையில் பார்வையைக் காட்டுகின்றன. குடவாயிற் கீரத்தனாரின் 212ஆம் பாடலில், நெடிய காலுடைய கணந்துள் பறவை பார்வை வேட்டுவனின் வலையைக் கண்டு அஞ்சிக் கூவுகிறது. அக்கூவல் பாலை வழியில் செல்லும் கோடியர் மீட்டும் நரம்பொலியோடு கலக்கிறது. இங்குப் பொறி தோற்கிறது. வேட்டுவனிடம் அழைப்பு இருந்தும், வெளியில் கேட்பது பறவையின் எச்சரிக்கைக் குரல்தான்.

312ஆம் பாடல் இதனினும் ஆழமானது. பாடியவர் கழார்க் கீரன் எயிற்றியார். வேட்டுவர் குடிப்பெயரைத் தாங்கிய பெண்பாற் புலவர் ஒருவர் பார்வையைப் பாடுவது கவனத்துக்குரியது. பனி படிந்த புதரில் ஈங்கைத் தளிர் வருட, சிறகு குவித்துத் துன்புறும் வெண்குருகு. அதன்மேல் அருள்கொண்டு கட்டுக்கோலை நீக்கும் பார்வை வேட்டுவன். மாரி ஓய்ந்த இருண்ட காலை. பொருள்வயின் பிரிந்த தலைவன் தன் நெஞ்சொடு கூறும் பாடல் இது. நாம் அருகில் இருந்தபோதும், கோடையிலும் நடுங்கியவள், வாடைப் பெரும்பனிக்கு என் ஆவாளோ என வருந்துகிறான்.

குருகைத் தலைவியோடு ஒப்பிடுதல் எளிது. வேட்டுவனை யாரோடு ஒப்பிடுவது என்பதே கடினமான வினா. பனியில் நடுங்கும் உயிரைக் கண்டதும் அதனால் வாழும் வேட்டுவன்கூடத் தொழிலை ஒருநாள் நிறுத்திவிடுகிறான். தலைவனோ பொருள் தேடும் தொழிலை நிறுத்தவில்லை. உள்ளுறை போல அமைந்த இத்தொடர், அவன் வாயிலிருந்தே அவன்மீது எழும் குற்றச்சாட்டு.

அசுணம்: அழைத்த கையே கொன்ற கை

இதுவரை கண்ட பார்வைப் பாடல்களுள் ஒன்றிலேனும் பொறியில் ஓர் உயிர் அகப்படும் கணம் காட்டப்படவில்லை. விளாமரம் தேய்ந்திருக்கிறது, கலை தப்புகிறது, கணந்துள் கூவுகிறது, குருகு விடுபடுகிறது. ஒலியால் ஈர்க்கும் வேட்டைக்கு வரும்போது நிலை தலைகீழாகிறது.

சங்கப் பாடல்களில் மனிதர் எழுப்பும் ஒலி பெரும்பாலும் விலங்கை விரட்டுவது. குறிஞ்சிப்பாட்டின் தழல், தட்டை, குளிர் ஆகியன கிளி ஓட்டும் கருவிகள். கவண்கல்லும் பரணிலிருந்து எழும் கூக்குரலும் அத்தகையனவே. நரியின் ஊளையை ஒத்த குரலெழுப்பி நரியை வரவழைக்கும் நரிக்குறவர் திறம் போன்றது சங்கப் பாடல்களில் அரிது. அவ்வரிய இடத்தை நிரப்புவது அசுணம் என்னும் இசையறி விலங்கு. இனிய யாழிசையால் அதனை வரவழைத்துப் பின் கடும்பறை முழக்கிக் கொல்வர் என்பது உரைமரபு. அது எவ்விலங்கு என அடையாளம் காணும் முயற்சிகள் பயன் தரவில்லை, அவை தேவையுமில்லை. அழைப்புக்குச் செவிகொடுப்பதாலேயே அழியும் உயிர் என்பதே அதன் வரையறை.

அகநானூறு 88இல் ஈழத்துப் பூதன்தேவனார் காட்டும் அசுணம், வண்டின் ஒலியை யாழ் எனக் கருதி மலைமுழையிலிருந்து செவிசாய்க்கிறது. அங்கு வேட்டுவன் இல்லை. ஆயினும் பொய்யழைப்பு இருக்கிறது. ஏமாறும் ஆற்றல் விலங்கினிடமே உள்ளது; வேட்டுவன் அதனைப் பயன்கொள்பவன் மட்டுமே என்னும் உண்மை இக்காட்சியில் தனித்து நிற்கிறது.

நற்றிணை 304இல் மாறோக்கத்து நப்பசலையார் வேட்டுவனைக் கொணர்கிறார். தலைவன் மார்பு, அசுணம் கொல்பவர் கையைப் போல இன்பமும் துன்பமும் ஒருங்கே உடையது என்கிறாள் தலைவி. கருவியையும் இசையையும் விட்டுக் கையை மட்டும் அவள் எடுத்துக்கொண்டது நுட்பமானது. யாழ் மீட்டியதும் அக்கை. பறை அறைந்ததும் அக்கை. இரண்டுக்கும் இடையில் ஏமாற்றியவன் மாறவில்லை. கேட்டவளின் நிலை மட்டும் மாறிவிட்டது.

பார்வைப் பாடல்களில் அருள் தோன்றுவதற்கும் அசுணப் பாடலில் கொலை நிறைவேறுவதற்கும் காட்சிக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு காரணமாகாது. கூற்றே காரணம். புறநானூறு 320 பாணனை விளித்து ஊரைப் புகழ்வோன் கூற்று. வேட்டுவர் முற்றத்தைத் தலைவனின் பெருமைக்கு உரியதாகக் காட்டவேண்டிய இடம். நற்றிணை 312 விட்டுச்சென்றவன் கூற்று. தன்னால் இயலாத அருளை வேட்டுவன்மேல் ஏற்றிப் பார்க்கிறான். இரண்டிலும் பேசுவோர் பொறியின் இப்பக்கத்தில் நிற்கின்றனர். இப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கட்டவிழ்த்தலும் எழுப்பாதிருத்தலும் காணக்கிடைக்கின்றன. நற்றிணை 304 மட்டுமே அகப்பட்ட உயிரின் கூற்று. அதற்குத் தெரிவது கை ஒன்றே. வேட்டுவனின் இரக்கம் பற்றிய செய்தி அதற்கு எட்டுவதில்லை.

இராமகாதையின் மாரீசன் நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. பொன்மானாகத் தோன்றி இராமனை இழுத்துச் சென்றதும், சாகும்போது இராமன் குரலில் கூவி இலக்குவனையும் அகற்றியதும் ஒரே உடலின் செயல்கள். பார்வையும் அழைகுரலும் அங்கு ஒன்றாகின்றன. அகப்பட்டது மானைத் துரத்திச் சென்றவனின் மனை. வேட்டுவன் வேட்டைப்பொருளாகும் இத்திருப்பம் சங்கப் பாடல்களில் இல்லை.

திருவருட்பயனில் பார்வை

14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இச்சொல்லை வேறொரு துறைக்குக் கொண்டுசெல்கிறார். திருவருட்பயனின் அருளுருநிலை அதிகாரத்தில் இறைவன் குருவாக மானிட உருக்கொண்டு வருதல், விலங்கைப் பிடிக்க அதே இனத்துப் பார்வை விலங்கைக் காட்டுவதற்கு ஒப்பாகிறது. அவ்வுருவம் ஒரு போர்வை என்பதை உலகம் அறியவில்லை என்பது அவர் கருத்து. விலங்குகளையும் அறிவு குறைந்த மக்களையும் ஒருசேரக் குறிக்க வல்ல 'மாக்கள்' என்னும் சொல் உவமையையும் பொருளையும் ஒன்றாக்கிவிடுகிறது.

சங்கப் பாடல்களில் முழுமை பெறாத பிடி இங்கே முழுமை பெறுகிறது. ஆனால் பிடிபடுதலே விடுதலையாகிறது. வஞ்சனையின் வடிவம் அப்படியே நிற்க, அதன் அறம் மட்டும் இடம் மாறுகிறது. இம்மாற்றத்துக்கு வேட்டைத் தொழிலின் நுண்மை தெரிந்திருத்தல் இன்றியமையாதது. இனம் இனத்தை நம்பும், வேற்றுருவை நம்பாது என்னும் வேட்டுவர் அறிவின்மேல்தான் குரு ஏன் மனிதனாக வரவேண்டும் என்னும் சித்தாந்த விடை நிற்கிறது. 'பார்வை' என்பதைக் 'கண்நோக்கு' என்று மட்டும் கொண்டு இக்குறளுக்குப் பொருள் சொன்னால் உவமை முழுதும் சரிந்துவிடும்.

புறநானூற்று முற்றத்தில் நின்ற மனையோளுக்கு இக்குறளில் இடமில்லை. வேட்டுவனை எழுப்பாமல் நிற்க அங்கு ஒருவரும் இல்லை; வேட்டுவன் உறங்குவதும் இல்லை.